பட்டான்

கண்ணீர் அஞ்சலி அடிப்பதுதான் என் பிழைப்பு.
தர்மபுரி நான்கு ரோட்டிலிருந்து இடப்பக்கம் மூன்றாவது கடை.
செத்தவருடைய ரேஷன் கார்டுப் படத்தைக்
கையில் கொடுத்துவிட்டு அழுவார்கள்.
கன்னத்தில் விழுந்த ரப்பர் ஸ்டாம்ப் வட்டத்தை அழித்து,
கோட்டு மாட்டி, பின்னால் நீல வானம் வைத்து,
இரவு எட்டுக்குள் கொடுத்துவிடுவேன்.

அதனால்தானோ என்னவோ நகராட்சி என்னிடம் வந்தது.
ரயில்வே கீழ்ப்பாலத்துச் சுவர், நூற்றிருபது அடி.
"தொலைஞ்ச வரலாறு. ஏஐ போட்டுப் பண்ணணும்மா"
என்றார் ஆணையர்.
பில் மார்ச்சுக்குள்.

கல்லைப் பார்க்க இண்டூர் தாண்டி ஒரு கொட்டாய்க்குப் போனேன்.
வாய்க்கால்மேல் பலகையாய்க் கிடந்து,
துணி துவைக்க ஆகி,
போன மாசம்தான் நிமிர்த்தியிருந்தார்கள்.
ஒரு கையில் வாள். ஒரு கையில் வில்.
காலடியில் கெண்டியும் சிமிழும்.
முகம் இருந்த இடத்தில் சோப்பு வழவழப்பு.
கல்வெட்டு படிக்கிறவர் விரலால் தடவிச் சொன்னார்:
... மகன் ...ன்
தொறு மீட்டுப் பட்டான்.
அப்பன் பேர் போயிருந்தது. இவன் பேரும்.
வினைச்சொல் மட்டும் நேற்று வெட்டியதுபோல.

கணினியிடம் சொன்னேன்.
முதலில் கிரீடம் வைத்தது. வெள்ளைக் குதிரை. பின்னால் கோபுரம்.
ராஜா இல்லை, மாடு மீட்கப் போனவன் என்றேன்.
கிரீடத்தைக் கழற்றிவிட்டுக்
கறுப்பும் வெள்ளையுமாய்ப் பத்துப் பண்ணை மாடுகளை நிறுத்தியது.
ஆலம்பாடி மாடு அதற்குத் தெரியவில்லை.
சந்தைக்குப் போய் நானே படமெடுத்து ஊட்டினேன்.
முப்பதாவது தடவையில் ஆறாவது விரல் உதிர்ந்தது.
நாற்பதில் தோல் கறுத்தது.
நாற்பத்தொன்றில் ஒருத்தன் என்னைப் பார்த்தான்.

யாருடையதுமில்லாத முகம்.
லட்சம் முகங்களைக் கடைந்ததில் மேலே திரண்டது.
ஆனாலும்
சாப்பிடாமல் கிளம்பி வந்தவன்போல் இருந்தான்.

அடியில் 'கற்பனை ஓவியம்' என்று எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

திறப்புவிழா முடிந்த நாலாம் நாள்
சாலம்மாள் கடைக்கு வந்தாள்.
புளி மண்டியில் கொட்டை எடுக்கிறவள், நகக்கண்ணெல்லாம் பழுப்பு.
"எங்க மாதையன் உங்களுக்கு எப்படிம்மா கிடைச்சான்?"

தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரியில்
கிளீனராகப் போன தம்பி. பதினொரு வருஷம்.
இருந்த ஒரே படத்தையும் ஸ்டேஷனில் கேட்டு வாங்கினார்கள்,
திரும்பி வரவில்லை.
நான் அஞ்சலி அடிக்காத செத்தவன்.

இது மிஷின் உண்டாக்கினது என்றேன்.
இந்த ஆள் ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தி என்றேன்.
"இருக்கட்டும். இவன் மாட்டுக்குப் போனான்,
அவன் மாங்காய் லோடுக்குப் போனான்.
இடது காது மடல்ல ஒரு வெட்டு இருக்கும்.
அதை மட்டும் விட்டுட்டீங்க."

கணினியைத் திறந்தேன். மூடினேன்.
இரவு பத்துக்குமேல், பெங்களூர் வண்டி
தலைக்குமேல் தடதடத்துப் போனபின்
அவள் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.
இரண்டாம் நம்பர் தூரிகை. காவி கொஞ்சம், கரி கொஞ்சம்.
நெல்லளவு வெட்டு.

இப்போது அங்கே தினமும் சாமந்தி காய்கிறது.
யாரோ ஒரு பீடிக்கட்டு வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.
நேற்று ஒருத்தர், அது தன் சித்தப்பாதான்,
காதுதான் சரியா வரலை என்று
டீக்கடையில் குறைப்பட்டுக்கொண்டாராம்.

ஆணையர் கூப்பிட்டார்.
"அந்த வெட்டு கல்லுல இருந்துச்சாம்மா?"
கல்லில் காதே இல்லை சார்.
"பின்னே என்னதான் இருந்துச்சு?"

பட்டான் என்று இருந்தது.